எத்தனால் பெட்ரோலும் நிற்கும் வண்டியும்: வாசகர் கேள்வி பதில்

எத்தனால் கலந்த பெட்ரோலைப் பற்றிய ஐயங்களை எழுதி அனுப்புமாறு சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பாதிக்கும் மேல் மைலேஜ் பற்றியவை. நான் உண்மையில் கவலைப்படும் விஷயத்தை, அதாவது மாதக்கணக்கில் ஓடாமல் நிற்கும் வண்டிகளையும் இயந்திரங்களையும் பற்றி, நான்கைந்து பேர்தான் கேட்டிருந்தார்கள். அவர்களுக்குச் சற்று விரிவாகவே பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: என்னுடையது 2016-இல் வாங்கிய கார்புரேட்டர் ஸ்கூட்டர். லிட்டருக்கு 45 கி.மீ. கொடுத்துக்கொண்டிருந்தது, இப்போது 36 தான் கொடுக்கிறது. மெக்கானிக்கைக் கேட்டால் எல்லாவற்றுக்கும் எத்தனாலையே காரணம் சொல்கிறார். உண்மைதானா ஐயா?
– வாசகர், விழுப்புரம்

பதில்: அவர் சொல்வதில் கால் பங்கு உண்மை. ஒரு லிட்டர் பெட்ரோலை எரித்தால் ஏறத்தாழ 32 மெகாஜூல் ஆற்றல் கிடைக்கும். ஒரு லிட்டர் எத்தனாலில் 21 தான் கிடைக்கும். இந்தக் கணக்கை வைத்துப் பார்த்தால், பத்து சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோலில் லிட்டருக்கு 30.9 மெகாஜூலும் இருபது சதவீதக் கலவையில் 29.8 மெகாஜூலும் இருக்கின்றன. 2022 முதல் நீங்கள் போட்டுவந்தது பெரும்பாலும் பத்து சதவீதக் கலவைதான் என்பதால், அதிலிருந்து இப்போது பங்க்களில் கிடைக்கும் இருபதுக்கு மாறியபோது நீங்கள் இழந்த ஆற்றல் மூன்றரை சதவீதத்தை ஒட்டியது. 45 கி.மீ. கொடுத்த வண்டி 43-க்கு இறங்கியிருந்தால் அந்தப் பழியை எத்தனால்மேல் போடலாம். 2021-இல் மத்திய அரசின் ஆலோசனை அமைப்பான நிதி ஆயோக் எத்தனால் கலப்பு பற்றி வெளியிட்ட திட்ட அறிக்கை இருசக்கர வாகனங்களுக்கு 3 முதல் 4 சதவீத இழப்பு என்றது. 2025 ஆகஸ்டில் பெட்ரோலிய அமைச்சகம், புதிய கலவைக்கென வடிவமைக்கப்படாத வண்டிகளுக்கு 3 முதல் 6 சதவீதம் என்று சொன்னது. உங்கள் வண்டியில் குறைந்திருப்பதோ இருபது சதவீதம்.

மீதியை வண்டிக்குள்தான் தேட வேண்டும். வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்திப் பின்சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள். உரசும் ஓசை கேட்டால் பிரேக் ஷூ பிடித்துக்கொண்டிருக்கிறது. டயர் காற்று, ஏர் ஃபில்டர், தேய்ந்த பெல்ட், ரோலர் ஆகியவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால் அளவையே சரிபார்க்க வேண்டும்: ஒரே பங்கில் டேங்கை நிரப்பி, கிலோமீட்டரைக் குறித்துக்கொண்டு, மீண்டும் அதே மட்டத்திற்கு நிரப்பி, ஊற்றிய லிட்டரால் ஓடிய தூரத்தை வகுத்து, இப்படி மூன்று முறை பார்த்துச் சராசரி எடுங்கள். பெட்ரோல் முள்ளை நம்பி மைலேஜ் சொல்பவர்களோடு வாதாடுவதை நான் நிறுத்திப் பல ஆண்டுகள் ஆகின்றன.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஆற்றல் குறைவதை ஈடுசெய்ய, கலவைப் பெட்ரோலின் விலை சாதாரணப் பெட்ரோலைவிடக் குறைவாக இருக்க வேண்டும் என்று அதே 2021 அறிக்கை பரிந்துரைத்தது. அந்தப் பரிந்துரை மட்டும் இன்னும் பங்க் விலைப்பலகைக்கு வந்து சேரவில்லை.

கேள்வி: மகன் வெளிநாடு சென்றதால் அவனுடைய ஸ்கூட்டர் ஆவணி முதல் தை வரை வாசலிலேயே நின்றது. பொங்கலுக்கு எடுக்கப் போனால் கிளம்பவே இல்லை. மெக்கானிக் டேங்கின் அடியிலிருந்து கலங்கலாக ஏதோ எடுத்துக் காட்டி, பங்கில் தண்ணீர் கலந்து ஊற்றிவிட்டார்கள் என்றார். பெட்ரோல் போட்டு ஐந்து மாதம் கழித்தா தண்ணீர் தெரியும்?
– வாசகி, நாகப்பட்டினம்

பதில்: பங்கைக் குற்றம் சொல்ல உங்களிடம் ஆதாரம் இல்லை, அம்மா. அந்தத் தண்ணீர் உங்கள் வாசலிலேயே சேர்ந்திருக்கலாம்.

கலப்பில்லாத பெட்ரோலும் தண்ணீரும் ஒட்டாதவை. பழைய காலத்தில் டேங்கில் நான்கு சொட்டு நீர் இறங்கினால் அது அடியில் முத்தாகத் தங்கிக் கிடக்கும், என்றோ ஒருநாள் கார்புரேட்டர் கிண்ணத்துக்கு வந்து வண்டியை இரண்டு முறை இருமவைக்கும், அவ்வளவுதான். எத்தனால் அப்படியில்லை, பெட்ரோலோடும் கலக்கும், தண்ணீரோடும் கலக்கும், ஆனால் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டி வந்தால் தண்ணீரின் பக்கம் போய்விடும். ஓரளவு வரை இது நன்மைதான், ஏனெனில் சிறிதளவு நீரை எத்தனால் தனக்குள் கரைத்துக்கொண்டு எரியும் அறைக்குக் கொண்டுபோய் ஆவியாக்கிவிடும். பத்து சதவீதக் கலவை 15 டிகிரி வெப்பத்தில் ஏறத்தாழ அரை சதவீதம் நீரைத் தாங்கும். ஐந்து லிட்டர் டேங்குக்கு அது 25 மில்லி. எத்தனால் கூடினால் தாங்கும் அளவும் கூடும். வெயிலில் கூடும், குளிரில் குறையும்.

அந்த எல்லையைத் தாண்டியதும் நடப்பதைத்தான் உங்கள் மெக்கானிக் பார்த்திருக்கிறார். தண்ணீர், தன்னோடு கலந்த எத்தனாலில் பெரும்பகுதியையும் இழுத்துக்கொண்டு மொத்தமாக அடியில் இறங்கிவிடும். மேலே ஆக்டேன், அதாவது இன்ஜினைத் தட்டவிடாமல் எரியும் தன்மை, குறைந்த பெட்ரோல், கீழே எரியாத கலங்கல். பெட்ரோல் குழாயும், புது வண்டிகளில் பம்பும், அந்தக் கீழ் அடுக்கிலிருந்துதான் உறிஞ்சும். இரண்டு தேக்கரண்டி நீர் இறங்கினால் முன்பு இரண்டு தேக்கரண்டி நீர்தான் அடியில் கிடக்கும். இப்போது எத்தனாலும் சேர்ந்து கொள்வதால் அந்த அடுக்கு பல மடங்கு பெருகிவிடுகிறது.

நீர் எப்படி வந்தது? ஈரக் காற்றிலிருந்து எத்தனால் நீரை உறிஞ்சிவிடும் என்று பலரும் எழுதுகிறார்கள். உறிஞ்சும் என்பது சரி, ஆனால் மூடிய டேங்கில் அது மிக மெதுவாக நடப்பது. சில நாளில், சில வாரத்தில் அதனால் அடுக்குப் பிரியாது. என் ஐயம் டேங்க் மூடியின் மேல்தான். ஐப்பசி கார்த்திகை மழையை வெட்டவெளியில் நின்று வாங்கிய வண்டி அது. மூடியின் ரப்பர் வளையம் காய்ந்து வெடித்திருந்தால் மழைநீர் நேராக உள்ளே இறங்கும். முதலில் அதை மாற்றுங்கள். நாலு காசு செலவுதான்.

பங்க்களிலும் இது நடக்காது என்று சொல்லவில்லை. ஒரு கார்த்திகை மாதம், இரண்டு நாள் விடாமல் பெய்த மழைக்குப் பின் ஒரு பங்கில் டேங்கை நிரப்பிக்கொண்டு கிளம்பிய என் வண்டி இரண்டு கிலோமீட்டரில் நின்றது. பின்னால் அதே பங்கிலிருந்து வந்த இன்னும் இரண்டு வண்டிகள் சாலையோரம் நின்றிருந்தன. தரையடித் தொட்டிக்குள் வெள்ளநீர் கசிந்தால் என்ன ஆகும் என்பதை அன்று கையில் பிடித்துப் பார்த்தேன். தெரு மூழ்கிய மறுநாள் பெட்ரோல் போடாமல் இருப்பது என் வழக்கமாகிவிட்டது.

அடுக்குப் பிரிந்த டேங்கில் புதுப் பெட்ரோலை மேலே ஊற்றினால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். முழுவதையும் வடித்து, டேங்கை உலர்த்தி, கார்புரேட்டர் கிண்ணத்தையும் திறந்து கழுவ வேண்டும். வடிப்பதைத் திறந்தவெளியில், இன்ஜின் ஆறிய பிறகு, விளக்கோ அடுப்போ அருகில் இல்லாத இடத்தில் செய்யச் சொல்லுங்கள். வடித்ததைச் சாக்கடையில் ஊற்றக் கூடாது.

கேள்வி: என் வண்டி இருபது சதவீதக் கலவைக்கு ஏற்றதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? எத்தனால் கலக்காத பெட்ரோல் வேண்டுமென்று கேட்டால் கிடைக்குமா?
– வாசகர், ஆம்பூர்

பதில்: வண்டியோடு தந்த கையேட்டில் எரிபொருள் என்ற பகுதியைப் பாருங்கள், புது வண்டிகளில் டேங்க் மூடியருகே இ20 என்று ஒட்டியும் இருக்கும். பொதுவாக, 2023 ஏப்ரல் முதல் வந்த வண்டிகளில் இக்கலவையைத் தாங்கும் ரப்பரும் உலோகமும் இருக்கின்றன. 2025 ஏப்ரல் முதல் வந்தவற்றில் இன்ஜினே அதற்கேற்ப அமைக்கப்பட்டிருக்கிறது. 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பி.எஸ். 6 (புகை வெளியீட்டு விதி) வண்டிகளில் ஆக்சிஜன் சென்சார் இருப்பதால், காற்றுக்கும் எரிபொருளுக்கும் உள்ள விகிதத்தை அவை ஓரளவு தாமே திருத்திக்கொள்ளும்.

பழைய வண்டிகளுக்காகப் பத்து சதவீதக் கலவை தொடர்ந்து கிடைக்க வேண்டும் என்பது 2021 அறிக்கையின் எண்ணமாக இருந்தது. நடைமுறையில் அந்தத் தேர்வு நமக்கு வாய்க்கவில்லை. எத்தனால் இல்லாத பெட்ரோலும் விற்கப்பட வேண்டும் என்று தொடரப்பட்ட பொதுநல மனுவை 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. கூடுதல் விலைக்கு விற்கும் பிரீமியம் பெட்ரோல் என்பதாலேயே அதில் எத்தனால் இருக்காது என்று எண்ணிவிடாதீர்கள்: ஆக்டேன் எண் வேறு, எத்தனால் அளவு வேறு.

கேள்வி: தென்னந்தோப்பில் களை வெட்ட டூ ஸ்ட்ரோக் பிரஷ் கட்டர் வைத்திருக்கிறேன். சென்ற பருவத்தில் ஆயில் கலந்து மீந்த பெட்ரோலை அப்படியே வைத்திருந்து இந்தப் பருவத்தில் ஊற்றினேன். அரை மணி நேரத்தில் பிஸ்டன் ஜாம் ஆகிவிட்டது. ஆயில் சரியான அளவில்தான் ஊற்றியிருந்தேன்.
– விவசாயி, பொள்ளாச்சி

பதில்: நீங்கள் ஊற்றிய ஆயில் இன்ஜினுக்குப் போய்ச் சேர்ந்திருக்காது என்பதே என் கணிப்பு. உங்கள் கட்டரைப் போன்ற டூ ஸ்ட்ரோக் இன்ஜினுக்குத் தனி ஆயில் தொட்டி இல்லை. பெட்ரோலில் கரைந்து வரும் ஆயில்தான் பிஸ்டனுக்கும் பேரிங்குக்கும் உயிர். கேனுக்குள் நீர் சேர்ந்து அடுக்குப் பிரிந்தால் ஆயில் மேலுள்ள பெட்ரோலோடு தங்கிவிடும். அடியிலிருக்கும் நீரும் எத்தனாலும் ஆயில் இல்லாமலே இன்ஜினுக்குள் போகும். லிட்டருக்கு 40 மில்லி ஊற்றியிருந்தாலும் பயனில்லை.

அடுக்கே பிரியாவிட்டாலும் இரண்டாவது சிக்கல் ஒன்று உண்டு. பெட்ரோல் முழுதாக எரிய அதன் எடையைப்போல் 14.7 மடங்கு காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 மடங்கே போதும், ஏனெனில் அதன் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஆக்சிஜன்தான். இருபது சதவீதக் கலவைக்கு இது ஏறத்தாழ 13.5 என்று வருகிறது. கார்புரேட்டரில் எரிபொருளை அளந்துவிடும் சிறு துளையான ஜெட் பழைய அளவுக்கே எரிபொருளை விடுவதால், கலவை இளைத்து, அதாவது காற்று கூடி எரிபொருள் குறைந்து, இன்ஜின் சூடாக ஓடும். காற்றால் மட்டுமே குளிரும் சின்ன இன்ஜின், மதிய வெயில், முழு த்ராட்டில்: மூன்றும் சேர்ந்தால் அந்தச் சூட்டைத் தாங்க அதிகம் இடமில்லை.

அமெரிக்காவில் 2010-இலும் 2011-இலும் 15 சதவீதக் கலவைக்கு அனுமதி கொடுத்தபோது, 2001-ஆம் ஆண்டு மாடலும் அதற்குப் பிந்தையவையுமான கார்களுக்குத்தான் கொடுத்தார்கள். மோட்டார் சைக்கிள்களையும் புல்வெட்டி, மரமறுக்கும் வாள் போன்ற சிறு இன்ஜின்களையும் வெளிப்படையாக விலக்கினார்கள். அதற்கு முன் அங்கே செய்த சோதனைகளில் இளைத்த கலவையால் ஐட்லிங் வேகம் கூடி, த்ராட்டிலைத் தொடாமலே கிளட்ச் பிடித்துக் கருவியின் வெட்டும் பகுதி சுழலத் தொடங்கியதும் தெரிந்தது. உங்கள் கட்டரைக் கீழே வைக்கும்போதே பிளேடு சுற்றிக்கொண்டிருந்தால் ஐட்லிங் ஸ்க்ரூவைக் குறைத்துவிட்டுத்தான் அடுத்த வேலையைப் பார்க்க வேண்டும். பெரும்பாலான சிறு இன்ஜின் கையேடுகளில் எத்தனால் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்றே இருக்கும். நம் பங்க்களில் வேறு கிடைக்காத நிலையில், சேதத்தைக் குறைக்க மட்டுமே வழி சொல்ல முடிகிறது.

ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் கலந்துகொள்ளுங்கள். நல்ல டூ ஸ்ட்ரோக் ஆயிலைக் கையேட்டில் சொன்ன விகிதத்தில் ஊற்றுங்கள். இன்ஜினுக்கு நல்லது என்று கூடுதலாக ஊற்றினால் பெட்ரோலின் பங்கு மேலும் குறைந்து கலவை இன்னும் இளைக்கும். இறுக மூடும் உலோகக் கேனை நிழலில் வையுங்கள், ஊற்றுமுன் குலுக்குங்கள். பருவம் முடிந்ததும் டேங்கைக் காலி செய்து, தானாக நிற்கும்வரை இன்ஜினை ஓட்டிவிடுங்கள். மீந்த கலவையை அடுத்த பருவத்துக்கு வைத்திருக்கும் சிக்கனம் இனி நமக்குக் கட்டுப்படியாகாது.

கேள்வி: எத்தனால் கரும்பிலிருந்து வருவதால் டேங்க் மூடியில் எறும்பு மொய்க்கிறது என்று ஒரு காணொளி பார்த்தேன். என் வண்டியிலும் நேற்று எறும்பு இருந்தது!
– வாசகி, கரூர்

பதில்: எறும்பு உங்கள் பையிலிருந்த எதையோ தேடி வந்திருக்கும். மொலாசஸில், அதாவது சர்க்கரை ஆலையில் மிஞ்சும் கரும்புப் பாகில், உள்ள சர்க்கரையை ஈஸ்ட் தின்றுதான் எத்தனால் உண்டாகிறது. பிறகு காய்ச்சி வடிக்கும்போது மீந்த சர்க்கரை பாத்திரத்தின் அடியிலேயே நின்றுவிடும். பெட்ரோலில் கலக்க வருவது ஏறத்தாழ நீரே இல்லாத எத்தனால். மேலும் இப்போது கரும்பிலிருந்து மட்டும் அல்லாமல் மக்காச்சோளம், உடைந்த அரிசி ஆகியவற்றிலிருந்தும் அதைத் தயாரிக்கிறார்கள்.

கேள்வி: மார்கழிக் காலையில் என் மொபெட் கிளம்ப அடம்பிடிக்கிறது. எத்தனால் குளிரில் எரியாது என்கிறார்களே?
– வாசகர், உதகமண்டலம்

பதில்: தனி எத்தனாலுக்கு அது பொருந்தும், 13 டிகிரிக்குக் கீழே அதிலிருந்து தீப்பிடிக்கும் அளவுக்கு ஆவி எழாது. உங்கள் டேங்கில் எண்பது பங்கு பெட்ரோல் இருப்பதால் கிளப்பும் வேலையை அது பார்த்துக்கொள்ளும். ஆனாலும் எத்தனால் ஆவியாக அதிக வெப்பத்தை எடுத்துக்கொள்வதால், சோக்கை முன்பைவிடச் சற்றுக் கூடுதல் நேரம் இழுத்துவைக்க நேரலாம். உறைபனி விழும் ஊரில் வேறொன்றையும் கவனிக்க வேண்டும்: பகலில் நீரைக் கரைத்து வைத்திருந்த கலவை, இரவுக் குளிரில் அதைக் கைவிட்டு அடுக்குப் பிரியலாம். காலையில் மட்டும் அடம்பிடித்து மதியத்தில் ஒழுங்காக ஓடினால் டேங்கின் அடியைப் பாருங்கள்.

கேள்வி: 1990-களின் மோட்டார் சைக்கிள் ஒன்றைப் பேணி வைத்திருக்கிறேன். எந்தெந்தப் பாகங்களை மாற்ற வேண்டும்?
– வாசகர், மதுரை

பதில்: ரப்பரிலிருந்து தொடங்குங்கள். பழைய ரப்பர் குழாய்களும் கார்க் கேஸ்கட்டுகளும் எத்தனாலில் ஊறி உப்பும். காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். டேங்கிலிருந்து கார்புரேட்டருக்கு வரும் குழாய், பெட்ரோல் காக்கின் வாஷர், கிண்ணத்தின் ஓ-ரிங், மூடியின் வளையம் இவற்றை எத்தனால் தாங்கும் ரகமாகப் பார்த்து மாற்றிவிடுங்கள். 20,000 முதல் 30,000 கி.மீ. ஓட்டத்துக்குப் பிறகு சில ரப்பர் பாகங்களை மாற்றவேண்டியிருக்கலாம் என்று அமைச்சகமே 2025 ஆகஸ்டில் சொன்னது. உங்களுடையதைப் போல் எப்போதாவது எடுக்கும் வண்டிக்குக் கிலோமீட்டர் கணக்கு உதவாது. ஆண்டுக்கொரு முறை குழாயை விரலால் வளைத்துப் பாருங்கள், கீறல் தெரிந்தால் அன்றே மாற்றுங்கள். சூடான இன்ஜினின் மேல் சொட்டும் பெட்ரோலை மைலேஜ் கவலையோடு ஒப்பிடவே கூடாது.

எத்தனால் நல்ல கரைப்பான் என்பதால் டேங்கில் முப்பது ஆண்டுகளாகப் படிந்த அழுக்கையும் கிளப்பிவிடும். முதல் சில டேங்குகளில் ஜெட் அடைத்துக்கொண்டால் வியப்படையாதீர்கள். பிளக்கைக் கழற்றிப் பார்த்து, இளம்பழுப்பாக இருக்க வேண்டிய முனை வெளுத்திருந்தால் கலவை இளைத்திருக்கிறது என்று பொருள். கைதேர்ந்த மெக்கானிக்கிடம் மெயின் ஜெட்டை ஓர் அளவு கூட்டிப் போடச் சொல்லலாம். அழகுக்காக ஃபைபர் டேங்க் மாட்டியிருந்தால் அதை எடுத்துவிடுங்கள், பழைய பிசின் எத்தனாலில் இளகும்.

கேள்வி: பெட்ரோலில் தண்ணீர் ஊற்றிக் குலுக்கினால் எத்தனால் கீழே பிரிந்துவிடுகிறது. மேலே நிற்கும் பெட்ரோலை வண்டிக்கு ஊற்றலாமா?
– கல்லூரி மாணவர், சேலம்

பதில்: பரிசோதனையாகச் சரி, எரிபொருளாகத் தவறு. எத்தனாலின் ஆக்டேன் உதவியையும் கணக்கில் சேர்த்துத்தான் பெட்ரோலைத் தயாரிக்கிறார்கள். அதை எடுத்துவிட்டால் மீதி ஆக்டேன் குறைந்து, மேடேறும்போது இன்ஜின் தட்டும். வடித்ததில் ஈரமும் எஞ்சியிருக்கும். ஒவ்வொரு லிட்டரிலும் 200 மில்லிக்குக் கொடுத்த காசைக் கீழே கொட்டுகிறீர்கள் என்பதும், வீட்டுக்குள் பெட்ரோலைக் குலுக்கித் தீயை அழைக்கிறீர்கள் என்பதும் தனி.

கேள்வி: பிரேசிலில் இதைவிட அதிகம் கலக்கிறார்களே, அங்கே வண்டிகள் ஓடவில்லையா?
– வாசகர், புதுச்சேரி

பதில்: ஓடுகின்றன. 2015 முதல் 27 சதவீதம், 2025 ஆகஸ்ட் முதல் 30 சதவீதம். ஆனால் அவர்கள் தொடங்கியது 1975-இல். எத்தனாலையும் பெட்ரோலையும் எந்த விகிதத்திலும் ஏற்கும் மோட்டார் சைக்கிளை ஹோண்டா அங்கே 2009-இலேயே விற்பனைக்குக் கொண்டுவந்தது. இங்கே 2003-இல் ஒன்பது மாநிலங்களில் ஐந்து சதவீதத்தோடு தொடங்கி, 2022 ஜூனில்தான் பத்தை எட்டினோம். இருபதுக்கு 2030 என்று வைத்திருந்த இலக்கை முன்னுக்கு இழுத்து, அடுத்த மூன்றே ஆண்டுகளில் அதையும் எட்டிவிட்டோம். கச்சா எண்ணெய் இறக்குமதி குறைவதும் கரும்பு விவசாயிக்குப் பணம் வருவதும் நல்லவையே. நாம் விரைந்ததில் தவறில்லை என்று வைத்துக்கொண்டாலும், ஏற்கனவே சாலையிலிருந்த கார்புரேட்டர் வண்டிகள் நம்மோடு விரையவில்லை.

கேள்வி: ஆறு மாதம் மகள் வீட்டுக்குப் போகிறேன், ஸ்கூட்டரை எப்படி விட்டுச் செல்வது?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்

பதில்: கார்புரேட்டர் வண்டியானால் டேங்கை முழுதாக வடித்துவிட்டு, நிற்கும்வரை ஓட்டி, கிண்ணத்தின் அடியிலுள்ள திருகைத் தளர்த்தி மிச்சத்தையும் இறக்கிவிடுங்கள். கிண்ணத்தில் தங்கும் பெட்ரோல்தான் காய்ந்து பிசினாகி ஜெட்டை அடைக்கிறது. ஃபியூல் இன்ஜெக்ஷன் வண்டியில் பம்ப் டேங்குக்குள் மூழ்கியிருப்பதால் வறள ஓட்டக் கூடாது. புதுப் பெட்ரோலால் டேங்கைக் கழுத்துவரை நெருங்க நிரப்பினால் உள்ளே காற்றுக்கும் ஈரத்துக்கும் இடம் குறையும். கூரையுள்ள இடத்தில் நிறுத்தி, பேட்டரி வயரைக் கழற்றிவையுங்கள். நம்பிக்கையான ஒருவர் பக்கத்தில் இருந்தால் வயரைக் கழற்றாமல், பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஐந்து கிலோமீட்டர் ஓட்டச் சொல்வது இவை எல்லாவற்றையும்விட மேல். யாரும் ஓட்டாமலே நின்றிருந்தால், திரும்பி வந்ததும் சாவியைத் திருப்புவதற்கு முன் டேங்கின் அடியிலிருந்து அரை லிட்டரைக் கண்ணாடிப் பாட்டிலில் இறக்கி, பத்து நிமிடம் அசையாமல் வைத்து, நடுவில் கோடு விழுகிறதா என்று பாருங்கள்.